சிங்க் குழாயைத் திருக முடியவில்லை, உதவி தேவை

மாலா_சுங்கைசிப்புட்: சமையலறைக் குழாய் இறுகிப்போய்விட்டது. துணி சுற்றி இரண்டு கையாலும் திருகினால்தான் தண்ணீர் வருகிறது. அம்மாவுக்கு மூட்டுவலி, அவரால் முடியவே இல்லை. பிளம்பர் வந்து பார்க்கவே 80 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். சீக்கிரம் சொல்லுங்கள்.

ரவாங்_தம்பி: அக்கா, கால் சுற்றில் திறக்கிற குழாயா, பல சுற்று திருகுவதா? சுவரிலிருந்து வருகிறதா? ஒழுகுகிறதா?

கிந்தாக்காரன்: சந்தேகமே இல்லை, சுண்ணாம்புதான். நம் பக்கம் சுற்றிலும் சுண்ணாம்பு மலை. பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றிக் குழாய் வாயில் கட்டிவிடுங்கள்.

பழைய_ஃபோர்மேன்: இதே கேள்விக்கு எத்தனை முறைதான் எழுதுவது? யாரும் தேடிப் படிப்பதில்லை. வாயில் கட்டினால் வாய்ச் சல்லடைதான் சுத்தமாகும். இறுக்கம் இருப்பது கைப்பிடிக்குக் கீழே, தண்டில்.

கிந்தாக்காரன்: அப்படியானால் என் கெட்டிலில் வெள்ளையாகப் படிவது என்ன அண்ணே?

பழைய_ஃபோர்மேன்: உங்களுடையது கிணற்றுத் தண்ணீரா? மலையடிக் கிணறு என்றால் படியும். பைப் தண்ணீர் ஆற்றிலிருந்து எடுப்பது.

கிந்தாக்காரன்: ஆறு மட்டும் எங்கிருந்து வருகிறது?

லெட்சுமி: தண்ணீர்ச் சண்டையை விடுங்கள், அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லுங்கள். மாலா, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பாரம்மா.

ரவாங்_தம்பி: எண்ணெய் வேண்டாம் அக்கா, நாளானால் பிசுக்காகிவிடும். வாசலினும் வேண்டாம், சில வகை ரப்பர் வளையம் அதில் ஊதிப்போகும். ஹார்ட்வேர் கடையில் குடிநீர்க் குழாய்க்கான சிலிக்கோன் கிரீஸ் என்று கேளுங்கள். முதலில் மீட்டர் பக்கத்து வால்வை அடையுங்கள். கூரைத் தொட்டியை அடைத்தால் போதாது, சமையலறைக் குழாய் பெரும்பாலும் நேர் லைனில்தான் இருக்கும். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விட்டு, மேல் மூடியை நெம்பி, ஸ்க்ரூவைக் கழற்றிக் கைப்பிடியை எடுங்கள். அப்புறம் பித்தளைக் கழுத்தில் ஸ்பேனர் போடும்போது, இன்னொரு ஸ்பேனரால் குழாயின் உடம்பைக் கட்டாயம் பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய தோட்டத்து (எஸ்டேட்) வீடு, சுவருக்குள் இரும்பு பைப் என்றால் துருப்பிடித்த மரை அப்படியே முறிந்துவிடும், பிறகு சுவரை உடைக்க வேண்டியதுதான். கால் சுற்றுக் குழாய் என்றால் கிரீஸ் வேலையே இல்லை, உள்ளே இருக்கும் செராமிக் கட்டையைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்கி மாற்றுங்கள்.

பழைய_ஃபோர்மேன்: தம்பி சொன்னது சரி. தண்டைச் சுற்றியுள்ள நட்டையும் பாருங்கள். ஒழுகுகிறதென்று யாராவது அளவுக்கு மீறி முறுக்கியிருந்தாலும் இப்படித்தான் இறுகும்.

மாலா_சுங்கைசிப்புட்: பல சுற்றுக் குழாய்தான், சுவரிலிருந்து வருவது. அண்ணன் கழற்றினார். தண்டு மரை முழுக்கப் பச்சை பூத்திருந்தது. பழைய பல் பிரஷால் தேய்த்து, கிரீஸ் தடவி, வாசரையும் மாற்றியாயிற்று. இப்போது லேசாகத் திரும்புகிறது. நன்றி எல்லாருக்கும்.

கிந்தாக்காரன்: பச்சையோடு வெள்ளையாக ஏதும் ஒட்டியிருந்ததா?