கையால் கட்டிய காரில் இரைச்சலை அடக்கியதும் கார்ப்பெட் விரித்ததும்: உறுப்பினர் அனுபவங்கள்

முதல் பகிர்வு: கோப்ரா வடிவக் கார், ரோவர் வி8 என்ஜின், கோவென்ட்ரி

வணக்கம் நண்பர்களே. 1962இல் வெளிவந்த ஏசி கோப்ராவின் வடிவில் அமைந்த கிட் கார் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக் கட்டும் கார்) ஒன்றை என் வீட்டுக் காரேஜில் கட்டத் தொடங்கியபோது, கார்ப்பெட் என்பது எல்லாம் முடிந்தபின் ஒரு வார இறுதியில் விரித்துவிடக்கூடிய வேலை என்றே எண்ணியிருந்தேன். அந்த ஒரு வேலைக்கு எனக்கு ஏழு வாரங்கள் பிடித்தன. அவற்றில் மூன்று வாரங்கள், அவசரப்பட்டு ஒட்டியதைப் பிய்த்தெடுப்பதிலேயே கழிந்தன.

உள்ளே எதுவும் விரிக்காத நிலையில் முதன்முறையாக ஓட்டிப் பார்த்த நாளில், மணிக்கு 40 மைல் வேகத்தைத் தாண்டியதும் பக்கத்து இருக்கையில் இருந்த என் மனைவி பேசியது எனக்குக் கேட்கவில்லை. வீடு திரும்பியதும், தடித்த கார்ப்பெட் ஒன்றை வாங்கித் தரை முழுவதும் ஒட்டினேன். கீச்சொலி ஓரளவு குறைந்தது. ஆனால் முதுகெலும்பு வரை ஏறிய அந்த உறுமல் சிறிதும் குறையவில்லை.

காரணம் பின்னரே விளங்கியது. கார்ப்பெட்டைக் கழற்றிவிட்டுக் கால் வைக்கும் இடத்து அலுமினியத் தகட்டை விரல் முட்டியால் தட்டினேன். 'டங்' என்று எழுந்த ஓசை கோயில் மணியைப் போல நீண்டுகொண்டே போனது. அலுமினியப் படலம் பூசிய பியூட்டைல் ஷீட்டிலிருந்து (அதிர்வை அடக்கும், ஒட்டும் தன்மையுள்ள ரப்பர் தாள்) உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி, அதே தகட்டின் நடுவில் ஒட்டி, சிறு ரோலரால் நன்றாக அழுத்திவிட்டு மறுபடியும் தட்டினேன். 'டப்' என்று ஒலித்து அங்கேயே நின்றுவிட்டது. அன்றுதான், அதிரும் தகட்டை அடக்குவது ஒரு வேலை, காற்றின் வழியே வரும் ஓசையைத் தடுப்பது வேறொரு வேலை, உள்ளே புகுந்துவிட்ட ஓசையை உறிஞ்சுவது மூன்றாவது வேலை என்பதை உணர்ந்தேன். கார்ப்பெட் செய்வது பெரும்பாலும் மூன்றாவதை மட்டுமே. அதுவும் கீச்சென்ற மேல் சுருதிகளில்தான். என்ஜினும் கியர் பெட்டியும் எழுப்பும் தாழ்ந்த உறுமலுக்கு அது ஈடுகொடுக்காது.

பியூட்டைல் ஷீட்டைத் தகடு முழுவதும் ஒட்டத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதிர்வு மிகுந்த நடுப்பகுதியில், தகட்டின் பரப்பில் கால் பங்கிலிருந்து அரைப் பங்கு வரை ஒட்டினாலே பெரும் பலன் கிடைத்துவிடும். அதற்கு மேல் ஒட்டுவது பெரும்பாலும் எடையையே கூட்டும். 2 மி.மீ. ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று கிலோவுக்கு மேல் எடை கொண்டது. எடை குறைந்த வண்டி வேண்டும் என்பதற்காகவே கிட் கார் கட்டுகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

எனக்கு மிகப் பெரிய பலனைத் தந்தது ஷீட்டும் அன்று, கார்ப்பெட்டும் அன்று, ஓட்டைகளை அடைத்ததே. இருட்டியபின் என்ஜின் பக்கம் ஒரு விளக்கை எரியவைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கைப் பக்கம் குனிந்து பார்த்தேன். ஸ்டியரிங் தண்டு, ஹீட்டர் குழாய்கள், ஒயர்கள் நுழையும் துளைகளைச் சுற்றிப் பன்னிரண்டு இடங்களில் வெளிச்சம் கசிந்தது. ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, எவ்வளவு தடித்த பொருளால் அதைச் செய்திருந்தாலும், 20 டெசிபெல்லுக்கு மேல் அது ஓசையைக் குறைக்காது. ஒவ்வொரு துளைக்கும் ரப்பர் வளையம் போட்டு, எஞ்சிய இடைவெளியைத் தீப்பிடிக்காத சீலன்ட்டால் மூடிய மறுநாள், மனைவி பேசியது எனக்குக் கேட்டது.

வண்டியைப் பதிவு செய்வதற்கு முன் பிரிட்டனில் நடக்கும் ஐவிஏ (தனி வாகன ஒப்புதல்) சோதனையில் வெளியேற்றுக் குழாயருகே அளக்கும் 99 டெசிபெல் வரம்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது வெளியே கேட்கும் இரைச்சல். அதைக் குறைக்கச் சைலன்சரைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் பகிர்வு: செவன் வடிவத் திறந்த கார், லெஸ்டர்

முன்னவர் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் என் வண்டி வேறு வகை. 1957இல் காலின் சாப்மன் வடிவமைத்த லோட்டஸ் செவனின் வழிவந்த வண்டிகளில் கதவும் இல்லை, கூரையும் இல்லை. நெடுஞ்சாலை வேகத்தில் காதை நிறைப்பது காற்றின் இரைச்சல்தான். அதற்கு எந்தக் கார்ப்பெட்டும் மருந்தாகாது. ஆகவே இத்தகைய வண்டியில் கியர் பெட்டியை மூடியிருக்கும் டனலுக்கும் கால் வைக்கும் பகுதிக்கும் மட்டும் உழைத்தால் போதும் என்பது என் கருத்து. டனலில் ஓசையைவிட வெப்பமே பெரும் தொல்லை. சாதாரண ஸ்பிரே பசையால் நான் ஒட்டிய கார்ப்பெட், முதல் கோடையிலேயே டனலின் பக்கவாட்டிலிருந்து கழன்று தொங்கியது. வெப்பம் தாங்கும் கான்டாக்ட் பசையை இரு பரப்பிலும் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு ஒட்டியது இன்றுவரை நிற்கிறது. அந்தப் பசை பட்டதும் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. எனவே இடையில் பேக்கிங் தாளை வைத்து, இடம் சரியானபின் தாளைச் சிறிது சிறிதாக உருவிவிடுவது நல்லது. காரேஜ் கதவைத் திறந்து வைத்தே இதைச் செய்ய வேண்டும். அந்த ஆவி தலையைச் சுற்றவைக்கும்.

நான் வருந்தும் பிழை ஒன்று உண்டு. கார்ப்பெட்டுக்கு அடியில் சணல் ஃபெல்ட்டை விரித்தேன். மழையில் நனைந்த ஃபெல்ட் வாரக்கணக்கில் ஈரம் காயாமல் இருந்தது. இரண்டாம் ஆண்டு இருக்கையைக் கழற்றியபோது, அடியிலிருந்த சதுர இரும்புக் குழாயின் பெயின்ட் கொப்பளித்து, விரல் நகத்தால் சுரண்டியதும் துரு பொடியாக உதிர்ந்தது. என் கையால் பெயின்ட் அடித்த குழாய் அது. மிகவும் மனம் நொந்துபோனேன். திறந்த வண்டிக்கு, நீரை உறிஞ்சாத மூடிய நுண்ணறை ஃபோம் மட்டுமே ஏற்றது. தரையின் தாழ்ந்த மூலையில் நீர் வடியும் துளையை எதைக்கொண்டும் மூடிவிடாதீர்கள்.

மூன்றாம் பகிர்வு: கோப்ரா வடிவக் கார், மில்டன் கீன்ஸ்

பாதுகாப்பு பற்றி இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். 10 மி.மீ. ஃபோமும் அதன்மேல் கார்ப்பெட்டும் விரித்தபின், என் வண்டியின் கியர் உறுமிக்கொண்டே விழத் தொடங்கியது. கியர் பெட்டியில் பழுது என்று அஞ்சி இரண்டு நாள்கள் தேடியபின், கிளட்ச் பெடல் முழுவதும் இறங்காமல் கார்ப்பெட்டில் முட்டி நிற்பதைக் கண்டேன். பெடல்களுக்கு நேர் கீழே ஃபோமை வெட்டியெடுத்ததும் சரியாகிவிட்டது. அதே தடிமன் ஆக்சிலரேட்டருக்கு அடியில் மடிந்து நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் நடுங்குகிறது. பெடல்களின் கீழ் வரும் துண்டு நகராதபடி பிரஸ் பட்டன்களால் பிடித்திருக்கட்டும்.

இரண்டாவது, சீட் பெல்ட்டும் இருக்கையும் பூட்டும் போல்ட்டுகள் இரும்பின்மேல் இரும்பாகவே உட்கார வேண்டும். நடுவில் கார்ப்பெட் அகப்பட்டால் அது நாளடைவில் அமுங்கி, போல்ட் தளர்ந்துவிடும். கார்ப்பெட்டின் வழியே டிரில் போடவும் கூடாது. நூலிழை டிரில்லில் சுற்றிக்கொண்டு ஒரு முழ நீளத்துக்கு உருவப்பட்டு, என் புதுத் துண்டு ஒன்று வீணாகிவிட்டது. செயற்கை இழைக் கார்ப்பெட்டாக இருந்தால், சூடான சால்டரிங் அயர்னால் துளையிடுங்கள். ஓரம் உருகித் தானே அடைபட்டுக்கொள்ளும்.

முதற் பகிர்வாளரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. பிரித்தெடுத்த மூன்று வாரங்களுக்கும் காரணம் பசைதான். ஹேண்ட்பிரேக் கேபிளைச் சரிசெய்யும் இடமும் கியர் பெட்டிக்கு எண்ணெய் ஊற்றும் வாயும் நான் ஒட்டிய கார்ப்பெட்டுக்கு அடியில் போய்விட்டன. இப்போது டனலின் பக்கவாட்டைத் தவிர மற்ற எல்லாத் துண்டுகளும் வெல்க்ரோவில்தான் நிற்கின்றன. பழுப்பு அட்டையில் வெட்டிய மாதிரிகளை வைத்தே புதிய துண்டுகளை வெட்டினேன். ஒவ்வொன்றிலும் முன்பக்கத்தையும் இழை சாயும் திசையையும் அம்புக்குறியிட்டுக் குறித்துக்கொண்டேன். இழை எதிர்த்திசையில் சாய்ந்தால், ஒரே சுருளில் வெட்டிய துண்டுகூட வேறு நிறமாகத் தெரியும். அந்த அட்டைகளை இன்னும் காரேஜ் சுவரில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.