பார்வை போன நண்பனோடு உட்கார்ந்து பார்க்க என்ன படம் போடலாம்?

கரிசல்மண் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், எழுதுவது இதுதான் முதல் தடவை. விஷயம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஐந்து பேர், கோவில்பட்டிக்காரர்கள். ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். சின்ன வயதில் பிலிம் துண்டு பொறுக்கி வந்து வீட்டுக்குள்ளேயே படம் ஓட்டுவோம். பியூஸ் போன குண்டு பல்பின் பின்பக்கத்தைத் தட்டி உடைத்து, உள்ளே இருக்கிற கம்பியை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் அதுதான் லென்ஸ். வாசலில் ஒருத்தன் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி அடிப்பான். கதவிடுக்கில் பிலிம், அதற்கு முன்னால் பல்பு, எதிரே அப்பாவின் வேட்டி. எம்.ஜி.ஆர் தலைகீழாக நிற்பார். துண்டைத் திருப்பிப் பிடித்தால் நேராகிவிடுவார். அப்படித் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றவன்தான் பிறகு தியேட்டரில் ஆபரேட்டர் ஆனான். இன்றைக்கும் எங்களுக்கு அவன் 'ஆபரேட்டர்'தான், பேர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. மற்ற மூன்று பேரில் ஒருத்தன் டெய்லர், ஒருத்தன் வாத்தியார், ஒருத்தன் மருந்துக்கடை.

1986 மாட்டுப்பொங்கல் அன்று ஆளுக்கு இருபது ரூபாய் போட்டு டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, வாத்தியார் வீட்டு மாடியில் விடிய விடிய மூன்று படம் பார்த்தோம். அதிலிருந்து வருஷம் தவறினதில்லை. மூன்று படம் ஒன்றாகிவிட்டது, டெக் போய் சிடி வந்து, அதுவும் போய்ப் பென்டிரைவ் வந்துவிட்டது. ஆனால் அன்றைக்குப் போட்ட சட்டம் மட்டும் மாறவில்லை: வருஷத்துக்கு ஒருத்தன் முறை, அவனுக்கு உயிரான படம் எதுவோ அதுதான் ஓடும், மற்ற நாலு பேர் வாய் திறக்கக் கூடாது. டெய்லர் முறை வந்தால் 'தில்லானா மோகனாம்பாள்'. வாத்தியாருக்கு 'காதலிக்க நேரமில்லை'. மருந்துக்கடைக்காரனும் நானும் படத்தை மாற்றிக்கொண்டே இருப்போம். ஆபரேட்டர் மட்டும் ஒரு தடவைகூட மாற்றினதில்லை. அவனுக்கு 'முள்ளும் மலரும்'.

வருகிற பொங்கலுக்கு அவன் முறை. இரண்டு வருஷமாக அவனுக்குப் பார்வை இல்லை. சர்க்கரை. விழித்திரையில் ரத்தக்கசிவு, லேசர், ஊசி, ஆபரேஷன் எல்லாம் செய்து பார்த்தாயிற்று. இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரிகிறது. போன வாரம் போன் செய்தால், "என் முறையை விட்ருங்கடா, நீங்க எதையாவது போடுங்க, நான் பாட்டைக் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்கிறான். போனை வைத்த பிறகு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவன் படமோ வசனமே அதிகம் இல்லாத படம். பாலு மகேந்திரா தமிழில் ஒளிப்பதிவு செய்த முதல் படமும் அதுதான். பாதிக் கதை பார்வையிலேயே நடக்கும். அதைப் போட்டு அவனை உட்கார வைப்பது நல்லதா, இல்லை காதால் கேட்டே ரசிக்கிற மாதிரி வேறு படம் போடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஒலிபெருக்கி எழுதியது:

ஐயா, படம் என்பதைக் காதால் கேட்ட பழக்கம் நமக்கு உண்டு. கல்யாண வீடு, கோயில் கொடை என்று குழாய் ரேடியோ கட்டினால் 'திருவிளையாடல்' ஒலிச்சித்திரம் ஓடாமல் இருக்காது. தருமி புலம்புகிற இடத்தைப் படம் பார்க்காத பிள்ளைகள்கூட ஏற்ற இறக்கத்தோடு சொல்லும். 1984இல் 'விதி' வந்தபோது ஆரூர்தாஸ் எழுதிய அந்தக் கோர்ட் வசனம் டீக்கடைக்கு டீக்கடை கேசட்டில் ஓடியது. என் பெரியம்மா கடைசிவரை அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை, ஆனால் வக்கீலாக வந்த நடிகை சுஜாதாவின் வாதம் முழுக்க அவருக்குப் பாடம்.

உங்கள் நண்பருக்கு 'முள்ளும் மலரும்' இயக்கிய மகேந்திரன்தான் வேண்டுமென்றால் 'தங்கப்பதக்கம்' போடுங்கள். அதுவும் அவர் எழுதினதுதான். சிவாஜிக்காக அப்படிப் பக்கம் பக்கமாக வசனம் எழுதின மனிதர், தானே இயக்க வந்த முதல் படத்தில் பேச்சைச் சுருக்கிவிட்டார். ஒன்று காதுக்கான படம், இன்னொன்று கண்ணுக்கானது. இப்போதைக்குக் காதுக்கானதை எடுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஆத்தங்கரை எழுதியது:

'மைக்கேல் மதன காமராஜன்' போடுங்க சார். நாலு கமலையும் கண்ணை மூடிக்கிட்டே பிரிச்சுடலாம். காமேஸ்வரனோட பாலக்காட்டுத் தமிழ், மைக்கேலோட கரகரப்பு, மதனோட இங்கிலீஷ், ராஜுவோட பேச்சு, நாலும் நாலு ஆள். கிரேஸி மோகன் வசனத்துக்குக் காது இருந்தா போதும். கடைசியில அந்த மலை உச்சி வீட்டுக் கலாட்டா மட்டும் யாராவது சொல்லணும்.

பனங்காய்ப்பணியாரம் எழுதியது:

வணக்கம் அண்ணை. நான் யாழ்ப்பாணம். 1990க்குப் பிறகு கன வருசம் எங்களுக்குக் கரண்ட் இல்லை, பற்றரியும் வராது. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில இருந்து வயர் இழுத்துத்தான் பாட்டுக் கேட்டனாங்கள். சுத்திற கை களைச்சால் கசற்றில பாடுற ஆளின்ர குரலும் இழுபடும். உடன மற்றவன் வந்து பெடலைப் பிடிப்பான்.

எப்பவாவது ஒரு வீட்டில ஜெனரேற்றர் போட்டுப் படம் ஓடும். எங்கட அப்பம்மாவுக்கு ரெண்டு கண்ணிலயும் வெண்புரை. அவவும் வருவா. மாமி பக்கத்தில இருந்து காதுக்குள்ள கதை சொல்லுவா. மாமி விட்ட பிழை ஒண்டுதான்: அடுத்ததா என்ன வரப்போகுது எண்டதையும் சேர்த்துச் சொல்லிப்போடுவா. அப்பம்மாவுக்குக் கோவம் வந்திடும். "எல்லாரும் காணேக்க நானும் காணுறன், முந்திச் சொல்லாதை" எண்டுவா. எனக்கு அந்தச் சொல்லு இப்பவும் நினைவில நிக்குது. ஆராவது ஒராள் பக்கத்தில இருந்து சொல்லுங்கோ அண்ணை, ஆனால் முந்திச் சொல்லாதேங்கோ.

விரல்நுனி எழுதியது:

அண்ணா, நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவள். அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. இங்கே எல்லாரும் அன்போடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் "காதுக்கான படம்" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வசனம் நிறைய இருந்தால் போதும், இவர்களுக்கு அதுதான் சரி என்று எங்களுக்காக யாரோ தேர்ந்தெடுத்துக் கொடுத்த படங்களைத்தான் சின்ன வயதிலிருந்து கேட்டு வந்திருக்கிறேன். எனக்கும் உங்கள் நண்பருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மலை, பனி, ஜீப் என்றால் நான் சொல்லாகத்தான் அறிவேன். அவருக்குள் அந்தப் படம் முழுசாக இருக்கிறது. தியேட்டரில் எத்தனை நாள், எத்தனை காட்சி ஓட்டியிருப்பார்! வேறு படம் போட்டால் "இனிமேல் உனக்கு அது இல்லை" என்று நீங்களே சொன்ன மாதிரி ஆகிவிடும். உங்கள் சட்டப்படி அவர் முறைக்கு அவர் படம்தான். அவரிடமே நேராகப் பேசுங்கள்.

சொல்வது எப்படி என்றால்: ஒரே ஒருவர் சொல்லட்டும். நாலு பேர் மாறி மாறிச் சொன்னால் எதுவும் காதில் நிற்காது. படத்தை முன்பே ஒரு தடவை தனியாகப் பார்த்து, எங்கே பேச்சு இல்லையோ அந்த இடைவெளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வசனத்தின் மேல் பேசாதீர்கள், பாட்டின் மேல் கூடவே கூடாது. யார் எங்கே நிற்கிறார், யார் உள்ளே வருகிறார் என்பது முதலில். அப்புறம் முக்கியமான ஒன்று: "கோபமாகப் பார்க்கிறான்" என்று சொல்லாதீர்கள். கோபத்தை நாங்களே கண்டுபிடித்துக்கொள்வோம். "தலை திரும்பவில்லை, கண் மட்டும் திரும்புகிறது" என்று கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்.

தியேட்டர்களில் இப்படி ஒலி விவரிப்பு தர வேண்டும் என்று 2024 மார்ச்சில் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 1978ஆம் வருஷத்துப் படத்துக்கு யாரும் செய்து தர மாட்டார்கள், நீங்கள்தான் செய்ய வேண்டும்.

கரிசல்மண் எழுதியது:

தங்கச்சி, உங்கள் பதிலை மற்ற மூன்று பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். டெய்லர் உடனே போன் செய்து "அவன் படம்தான், வேற பேச்சே இல்ல" என்றான். யாழ்ப்பாணத் தம்பி சொன்ன அப்பம்மாவின் வார்த்தையை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டேன். பொங்கல் முடிந்து வந்து எழுதுகிறேன்.

கரிசல்மண் எழுதியது:

ஜனவரி 17. நேற்று ராத்திரி பார்த்தோம்.

நேரில் போய்க் கேட்டபோது முதலில் மாட்டேன் என்றான். "சட்டம் போட்டதே நீதானடா" என்று வாத்தியார் சொன்ன பிறகு சரி என்றான். அதற்கு முன்னால் மூன்று ராத்திரி நான் மட்டும் நோட்டும் பேனாவுமாகப் படத்தைப் பார்த்தேன். எட்டு ஒன்பது தடவை பார்த்த படம் என்று நினைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால்தான் தெரிகிறது, இத்தனை நாள் பாதியைப் பார்க்கவே இல்லை. ஒருத்தர் கதவருகே நிற்கிறார் என்று எழுதுவேன், திரும்ப ஓட்டிப் பார்த்தால் ஜன்னல் பக்கம் நிற்பார்.

முதல் கால் மணி நேரம் நான் அதிகமாகப் பேசிவிட்டேன். என் முழங்கையில் தட்டி, "மெதுவா, ரீல் ஓடட்டும்" என்றான். பிறகு எனக்கும் பிடிபட்டது. மலையில் ட்ராலியை இழுக்கிற வின்ச்சை ஓட்டுகிறவன்தான் ரஜினி நடித்த காளி. ட்ராலி ஏறுகிற இடத்தில் "காளி வின்ச் பக்கத்துல நிக்கிறான், ட்ராலி கீழருந்து வருது" என்றேன். "தெரியும், சத்தம் வருதுல்ல" என்றான். பனிக் காட்சி ஒன்றைச் சொன்னதும் அவனாகவே பேச ஆரம்பித்தான். அந்தக் காலப் புரொஜெக்டரில் வெளிச்சம் தருவது இரண்டு கார்பன் குச்சிகள்தான். இந்தப் படத்துக்கு அவற்றை நெருக்கி வைத்து வெளிச்சத்தைக் கூட்டக் கூடாதாம், பனி வெளுத்துத் துணி மாதிரி ஆகிவிடுமாம். அதற்காகவே கார்பன் குச்சியை அடிக்கடி திருகிச் சரி பார்த்துக்கொண்டே இருப்பானாம். பின்னால் சத்தமில்லாமல் ஒருத்தன் பார்த்துப் பார்த்து வெளிச்சம் வைத்தது கீழே உட்கார்ந்து பார்த்த எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது.

'நித்தம் நித்தம்' பாட்டு வந்ததும் வாயை மூடச் சொல்லிவிட்டான். வாணி ஜெயராம் பாடி முடிக்கிறவரை ஐந்து பேரும் அசையவில்லை. மருந்துக்கடைக்காரன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

கடைசிக் காட்சி. காளியின் தங்கை வள்ளி ஊர்வலத்தை விட்டு அண்ணனிடம் வருகிற இடம். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ரஜினி முகத்தைச் சொல்லு" என்றான். நோட்டில் 'பெருமை, பாசம்' என்று எழுதி, தங்கச்சி சொன்னதற்காக அடித்து வைத்திருந்தேன். "தலை நிமிர்ந்திருக்கு. கண்ணு கலங்கியிருக்கு" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "வள்ளி?" என்று கேட்டான்.

வள்ளியைப் பற்றி நான் ஒன்றுமே எழுதி வைக்கவில்லை. மூன்று ராத்திரி எழுதின நோட்டில் அந்த இடத்தில் முழுக்க ரஜினிதான். அந்தப் படம் வந்தபோது வள்ளியாக நடித்த ஷோபாவுக்குப் பதினாறு வயதுகூட நிறையவில்லை, 1980இல் போயும் விட்டார். நான் திணறுவதைப் பார்த்து டெய்லர் தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து எங்கள் பக்கம் வந்தான். படம் ஓடும்போது பேசுகிற பழக்கமே இல்லாதவன். சேலைத் தலைப்பு எப்படிக் கிடக்கிறது, ஓடி வந்து அண்ணனைப் பிடித்த பிறகு தோள் எப்படி ஏறி இறங்குகிறது என்று தாழ்ந்த குரலில் சொன்னான். ஆபரேட்டர் அவன் சொன்ன பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டான். என் மணிக்கட்டை விடவே இல்லை.

ஒரு நபர்தான் சொல்ல வேண்டும் என்றீர்கள் தங்கச்சி, அந்த ஒரு இடத்தில் மீறிவிட்டோம்.

அடுத்த வருஷம் வாத்தியார் முறை, 'காதலிக்க நேரமில்லை'. இப்போதே நோட்டைத் திறந்துவிட்டேன், முதல் நாளே ஒரு இடத்தில் நிற்கிறேன். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்கிறாரே, அதில் நாகேஷ் சத்தம் எல்லாம் காதுக்கு வந்துவிடும். பாலையா ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார், முகம் மட்டும்தான். அதற்குள் புகுந்து பேசினால் நாகேஷ் கெட்டுப்போவார், பேசாவிட்டால் பாலையா இல்லாமல் போய்விடுவார். 'நாற்காலியில் பின்னால் போகிறார்', 'துண்டைப் பிடிக்கிறார்' என்று இரண்டு இரண்டு வார்த்தையாக எழுதிப் பார்க்கிறேன், இன்னும் சரியாக உட்காரவில்லை. அந்தக் காட்சியை யாரிடமாவது கேட்டு ரசித்திருந்தால், அவர்கள் எந்த இடத்தில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள் தங்கச்சி. ஒரு வருஷம் இருக்கிறது.