போட்டோஷொப்புக்குப் பதிலாக இலவசமாக எதைப் போடலாம்?

மாங்குளத்தான்:
படம் எடுக்கிறது, பதாகை அடிக்கிறது என்று சின்னத் தொழில். போட்டோஷொப்புக்கு மாதாமாதம் டொலரில் கட்டிக் கட்டுப்படியாகவில்லை, களவுப் பிரதி போட்டு வைரஸ் வாங்கவும் விருப்பமில்லை. லப்டொப்பில் ராம் 4 ஜிபி தான். எது சரிவரும்?

வவுனியா அச்சகம்:
தம்பி, படத்துக்கு கிம்ப், பதாகைக்கும் லோகோவுக்கும் இங்க்ஸ்கேப், இரண்டையும் போடுங்கோ. பதாகையை கிம்பிலேயே செய்து எட்டடிக்கு இழுத்தால் எழுத்தின் ஓரம் உடையும், இங்க்ஸ்கேப் வெக்டர் (புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாகக் கணக்கிட்டு வரைவது) என்பதால் அந்தத் தொல்லை இல்லை. கிம்ப் பழையது வேண்டாம், 2025 இல் வந்த 3.0 இல் ஃபில்டர் போட்ட பிறகும் அதை மாற்றலாம். 4 ஜிபியில் லேயர் (படத்தின் அடுக்கு) கூடினால் திணறும், குரோமை மூடிவிட்டு வேலை செய்யுங்கோ.

முல்லைக்காரி:
பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவை மறந்திட்டீங்களே அண்ணா! பாமினியில் தட்டின பழைய நோட்டீஸை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துத்தான் நிற்கும். இனி எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட்டில் தட்டுங்கோ, கிம்ப், இங்க்ஸ்கேப் இரண்டிலும் கொம்பு, சுழி எல்லாம் ஒழுங்காக வரும்.

மாங்குளத்தான்:
சரி, அச்சுக்கு சிஎம்வைகே (அச்சு மையின் நான்கு நிற முறை) கேட்பார்களே?

வவுனியா அச்சகம்:
ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் வைத்து பிடிஎஃப் எடுங்கோ. பளிச்சென்ற பச்சையும் நீலமும் கொஞ்சம் மங்கும், அது எந்த மென்பொருளிலும் அப்படித்தான். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நோட்டீஸ் என்றால் முதலில் ஒன்றை அடித்துப் பார்த்திட்டு மிச்சத்தைக் கொடுங்கோ.