வேலை, வீடு, நாவல்: தினமும் எழுத ஒரு வழி சொல்லுங்கள்

காவிரிக்கரை:

வணக்கம். குமாரபாளையத்தில் இருக்கிறேன். ஆற்றைத் தாண்டி ஈரோட்டில் கணக்கு எழுதும் வேலை. மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். விசைத்தறி ஓடும் ஒரு வீட்டைப் பற்றி இரண்டு வருடமாக நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 140 பக்கம் வந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எழுதி வந்தேன். சமைத்து வைத்துவிட்டு உட்கார்ந்தால், மதியம் ஒரு மணிக்குத்தான் கதைக்குள்ளேயே போக முடியும். போன வாரம் பெரியப்பா எந்த அறையில் படுத்திருந்தார், தறிக்கூடத்துக் கதவு திறந்திருந்ததா, சாத்தியிருந்ததா என்று பழைய பக்கங்களைப் புரட்டுவதிலேயே பொழுது போய்விடும். கை சூடு பிடிக்கும் நேரத்தில் மகள் தூங்கி எழுந்து வந்துவிடுவாள்.

தை மாதம் பத்து நாள் விடுப்பு எடுத்தேன். ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து 62 பக்கம் எழுதினேன். பதினோராம் நாள் வலது மணிக்கட்டைத் திருப்ப முடியவில்லை. அதற்கப்புறம் ஐந்து வாரமாக அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை. இப்போது திறக்கப் பயமாக இருக்கிறது.

ஜெயமோகன் 2014 ஜனவரியில் வெண்முரசைத் தொடங்கி, தினம் ஓர் அத்தியாயம் என்ற கணக்கில் 2020 ஜூலையில் 26 நாவல்களாக முடித்தார். அது வர வரப் படித்தவள் நான். தினமும் எழுதுவது என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனதில் பதிந்துவிட்டது. என்னால் அது ஆகாது. உடம்பும் வீடும் கெடாமல், வருடக்கணக்கில் தாங்கும்படியான பழக்கத்தை நீங்கள் எப்படி அமைத்துக்கொண்டீர்கள்?

வைகறை:

அதிகாலைதான் சகோதரி. ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி ட்ரொல்லோப் அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்துவிடுவார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல், மொத்தம் மூன்று மணி நேரம். தன்னை எழுப்பிக் காபி கொடுப்பதற்காக ஒரு வேலையாளுக்கு வருடம் 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். நானும் ஆறு வருடமாக நாலரைக்கு எழுந்து எழுதுகிறேன். வீடு விழிப்பதற்குள் ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறது. முயன்று பாருங்கள்.

காவிரிக்கரை:

நன்றி அண்ணா. தண்ணீர் விடும் நாளில் நாலரைக்கு நான் குடத்தோடு குழாயடியில் இருப்பேன். மற்ற நாட்களில் ஐந்து மணிக்கு அடுப்பு. எங்கள் வீட்டில் காபி போடுவதும் நான்தான். மகள் தூங்கவே பத்து மணி ஆகிறது. இரண்டு வாரம் முயன்றேன், அலுவலகத்தில் கூட்டல் தப்ப ஆரம்பித்தது.

ஓய்வுபெற்ற சார்ட்டர், திருநெல்வேலி:

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ரயில்வே தபால் சேவையான ஆர்.எம்.எஸ்.ஸில் தபால் பிரிக்கும் வேலையில் 34 வருடம் இருந்தேன். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி, கொஞ்ச வருடம் ரயிலிலேயே. எனக்கு அதிகாலை என்ற ஒன்று கிடையாது. காலை ஆறு மணி சில நாள் நான் படுக்கும் நேரம். அப்படியும் மூன்று நாவல் எழுத முடிந்தது. அதனால் கடிகாரத்தை விட்டுவிடச் சொல்கிறேன்.

எழுத்தை ஒரு காரியத்தின் பின்னால் கட்டி வைத்தேன். டூட்டி முடிந்து வந்து, கைகால் கழுவி, ஒரு டம்ளர் டீ. அந்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் நோட்டை எடுப்பேன். ஒரு வாரம் அது காலை எட்டு மணியாக இருக்கும், இன்னொரு வாரம் ராத்திரி பத்தரை. கொஞ்ச நாளில் டம்ளரைக் கவிழ்க்கும்போதே மனசு கதைக்குள் போய்விடும். உங்களுக்கும் எந்த நாளும் தவறாத ஒரு காரியம் இருக்கும். அதைக் கண்டுபிடியுங்கள்.

நாற்பது நிமிடம், நீள நோட்டில் ஒரு பக்கம். என் கையெழுத்தில் பக்கத்துக்கு 180 சொல் வரும். வருடத்தில் 250 நாள் எழுதினால் 45,000 சொல். மீதி 115 நாளை முதலிலேயே கழித்துவிட்டேன்: காய்ச்சல், கல்யாணம், துஷ்டி, கோயில் கொடை, ஆள் வராமல் இரட்டை டூட்டி பார்த்த நாட்கள். எழுதாத நாளில் மனசு உறுத்தாது, ஏனென்றால் அந்த நாளுக்கும் கணக்கில் இடம் இருந்தது. பழக்கம் இத்தனை வருடம் தாங்கியதற்கு அந்த 115 நாளைத்தான் பெரிய காரணமாக நினைக்கிறேன்.

பெரியப்பா எந்த அறையில் படுத்திருந்தார் என்று தேடுவதாகச் சொன்னீர்கள். ரயிலில் ஒரு செட்டு ஆட்கள் இறங்கி அடுத்த செட்டு ஏறும்போது, எந்தப் பை எங்கே போக வேண்டும் என்று பட்டியல் கைமாறும். வருகிறவர் அதைப் பார்த்து வேலையைத் தொடர்வார். அதே பழக்கத்தில் எழுந்திருக்கும் முன் பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பேன். "பெரியப்பா நடு அறை. தறிக்கூடக் கதவு சாத்தியது. மணி மூன்று. வெளியே மழை." நாளைக்கு வரப்போகும் நீங்களும் வேறு ஆள்தான் அம்மா, அவருக்கு ஒரு பட்டியல் வையுங்கள். கடைசி வாக்கியத்தையும் முடிக்காதீர்கள். "அவள் கதவைத் திறந்ததும்" என்று பாதியில் விட்டு எழுந்துவிடுங்கள். மறுநாள் அந்தப் பாதி வாக்கியமே உங்களை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

நீங்கள் எடுத்த பத்து நாள் விடுப்பு மாதிரி 1998ல் நான் 45 நாள் எடுத்தேன். ஒரு நாளைக்கு பத்து மணி நேரம் நாற்காலியில். இடுப்பு போனது. எழுதியதில் பாதிக்கு மேல் பிறகு கிழித்தேன். அதில் எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள், என் களைப்பின் குரலில். வேலைக்குப் போகவில்லை, டீக்கடைக்குப் போகவில்லை, யார் பேச்சும் காதில் விழவில்லை. அப்புறம் எங்கிருந்து பேச்சு வரும்? நாவலுக்கு இடைஞ்சல் என்று நான் நினைத்த டூட்டியிலிருந்துதான் அதுவரை பேச்சு வந்துகொண்டிருந்தது.

140 பக்கத்தையும் இப்போது படிக்க வேண்டாம். கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் அச்செடுத்து வாய்விட்டுப் படியுங்கள். ஒரு சொல்லை மாற்றுங்கள். முதல் நாளைக்கு அது போதும். மணிக்கட்டை டாக்டரிடம் காட்டாமல் விடாதீர்கள்.

சேலத்து வாசகி:

சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அக்கா, வீட்டில் கேட்டீர்களா? நான் நாலு வருடம் யாருக்கும் தொந்தரவில்லாத நேரத்தையே தேடிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு நேரம் வீட்டுப் பெண்ணுக்கு வராது. ஒரு நாள் கணவரிடம், "ராத்திரி பாத்திரம் உங்களுடையது, அந்த அரை மணி எனக்கு வேண்டும்" என்று கேட்டேன். சரி என்றார். முதல் மாதம் முணுமுணுத்தார், இப்போது பழகிவிட்டது. இதைத் தனியாகச் சமாளிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள்.

இடமும் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அசோகமித்திரன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

காவிரிக்கரை:

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். எனக்குத் தவறாத காரியம் மதியச் சாப்பாடு. பேருந்தில் முயன்றேன், உட்கார இடம் கிடைப்பதில்லை. அலுவலகத்தில் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்ததும் மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். 25 நிமிடம் கிடைக்கிறது. மணிக்கட்டுக்குப் பட்டை கொடுத்திருக்கிறார்கள், அதனால் மெதுவாக, நோட்டில். ஒன்பது நாளில் ஞாயிறும் காய்ச்சல் நாளும் போக ஏழு நாள். நாலே கால் பக்கம். தண்ணீர் பிடிப்பது இப்போது என் கணவர்.

சார், பாதி வாக்கியம் பற்றி நீங்கள் சொன்னது எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், தீர்ந்தால் பழைய நுனிகளை அறுத்து எறிய மாட்டார்கள். இழைகள் கோத்திருக்கும் சீப்பு போன்ற அச்சில் அப்படியே விட்டு வைத்து, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு பிணைப்பார்கள். நுனி போய்விட்டால் எல்லா இழையையும் முதலிலிருந்து கோக்க வேண்டும். எங்கள் அம்மா பாவு பிணைக்கப் போனவர். தறிக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து, சாம்பலைத் தொட்டுத் தொட்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு முறுக்கு. ஆயிரக்கணக்கில். சாயங்காலம் எனக்குச் சோறு பிசைந்து கொடுக்கும்போதும் அந்த இரண்டு விரலின் நுனி வெளுத்தே இருக்கும்.

தறி வீட்டைப் பற்றி 140 பக்கம் எழுதியும் அம்மாவின் அந்த வேலை நாவலில் எங்கும் வரவில்லை. நேற்று மதியம் தொடங்கினேன். "சாம்பல் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு" என்பதோடு நிறுத்தியிருக்கிறேன்.