ஆல்யோ எ ஓலியோ: எண்ணெய் தனி, பாஸ்தா தனி, பூண்டு கசப்பு. எங்கே தவறுகிறேன்?

மதுரைக்காரி

இத்தாலியின் பாதோவாவுக்குப் படிக்க வந்து நான்கு மாதம் ஆகிறது. மாதக் கடைசியில் கையில் காசில்லாதபோது இதைத்தான் செய்வோம் என்று அறைத்தோழி சொன்னதால் ‘ஸ்பகெட்டி ஆல்யோ எ ஓலியோ’ செய்யத் துணிந்தேன். பூண்டு, ஆலிவ் எண்ணெய், காய்ந்த மிளகாய், உப்பு, மேலே கொஞ்சம் பார்ஸ்லி. ரசம் வைக்கத் தெரிந்தவளுக்கு இது எம்மாத்திரம் என்று நினைத்தேன். மூன்று முறை செய்தும் உருப்படவில்லை.

செய்த விதம் இது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்ததும், ஒட்டாமலிருக்க ஒரு கரண்டி எண்ணெய் விட்டு ஸ்பகெட்டியை வேகவைத்தேன். வடித்து, குழாய்த் தண்ணீரில் அலசி வைத்தேன். வாணலியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் நசுக்கிய பூண்டைப் போட்டேன். பொன்னிறம் வந்தவுடன் அடுப்பை அணைத்தேன், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருத்துவிட்டது. ஸ்பகெட்டியைக் கொட்டிக் கிளறி உப்புத் தூவினேன். தட்டின் அடியில் எண்ணெய் குளமாக நிற்கிறது, மேலே பாஸ்தா வறண்டு கிடக்கிறது, உப்பு பல்லில் நறநறக்கிறது. அறைத்தோழி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பசியில்லை என்று எழுந்து போய்விட்டாள்.

பலெர்மோ குசினி

தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்தவன். பலெர்மோவில் உணவகக் குசினிகளில் பன்னிரண்டு வருடமாக நிற்கிறேன். நீங்கள் செய்தது தாளிப்பு. நம்மவர் கை அப்படித்தான் போகும்: எண்ணெய் காய வேண்டும், கடுகு வெடிக்க வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம். இங்கே தலைகீழ். உள்ளியை (பூண்டை) மெல்லிய சீவல்களாக வெட்டி, சூடில்லாத எண்ணெயில் போட்டு, அதன் பிறகு அடுப்பை மூட்டுங்கள். மெல்லிய சூடு. உள்ளியைச் சுற்றிச் சின்னக் குமிழிகள் வந்தால் போதும். சத்தம் கேட்டால் சூடு அதிகம். நசுக்கிய உள்ளியில் தூளாய்ப் போன பகுதி முதலில் கருகி, முழு எண்ணெயையும் கசப்பாக்கிவிடும். செத்தல் மிளகாயைக் கடைசி அரை நிமிடத்தில் போடுங்கள்.

உங்களுடையது தட்டு வைத்த மின்னடுப்பு என்று நினைக்கிறேன். அணைத்த பிறகும் அது நெடுநேரம் சுடும். தாச்சியையே இறக்கி வைக்க வேண்டும். உள்ளி வெளிர் பொன்னிறமானதும் இறக்கி, சற்றுப் பொறுத்து, பாஸ்தா வெந்த தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி விடுங்கள். மேற்கொண்டு கருகாது. தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். என் இடது கையில் அதற்கு அத்தாட்சி இருக்கிறது.

அளவுகோல்

பூண்டை அண்ணன் பார்த்துக்கொண்டார். பெரிய குற்றம் அலசியதுதான். ஸ்பகெட்டி வேகும்போது மாவுச்சத்து தண்ணீரில் இறங்குகிறது. தண்ணீர் கலங்குவது அதனால்தான். இந்தக் கஞ்சித்தண்ணீர் இருந்தால், கிளறும்போது உடையும் எண்ணெய்த் துளிகள் மீண்டும் ஒன்றுசேராமல் தண்ணீரோடு கலந்து நிற்கும். இந்த உணவுக்குச் சாறு என்று இருப்பது அது மட்டும்தான். நீங்கள் கஞ்சியை வடித்துக் கொட்டி, இழையில் ஒட்டியிருந்ததையும் குழாயில் கழுவிவிட்டீர்கள். வேகும் தண்ணீரில் எண்ணெய் விடுவதும் வேண்டாம். முதல் இரண்டு நிமிடம் கிளறினாலே ஒட்டாது.

இருவருக்கு ஸ்பகெட்டி 200 கிராம், பூண்டு 4 பல், எண்ணெய் 60 மில்லி. 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது வழக்கமான கணக்கு. நான் 200 கிராமுக்கு வேண்டிய 2 லிட்டர் தண்ணீரை 1.5 லிட்டராகக் குறைப்பேன், கஞ்சி கெட்டியாகும். பொட்டலத்தில் 10 நிமிடம் என்றிருந்தால் 8 நிமிடத்தில் எடுத்து, சொட்டச்சொட்ட வாணலிக்கு மாற்றுங்கள். ஒரு குழிக்கரண்டி கஞ்சித்தண்ணீர் விட்டு, சூட்டைக் கூட்டி, கை ஓயாமல் புரட்டுங்கள். இத்தாலியர் இதை ‘மந்தெகாரே’ என்பார்கள். தனியாக உப்புத் தூவ வேண்டியதில்லை.

விலை மலிவான பொட்டலமே போதும். இத்தாலியில் செய்யும் உலர்பாஸ்தா டியூரம் என்னும் கடினக் கோதுமையில்தான் இருக்க வேண்டும் என்று 1967இல் சட்டமே போட்டார்கள். வெண்கல அச்சில் பிழிந்தது கிடைத்தால் வாங்குங்கள். இழை சொரசொரப்பாக இருப்பதால் சாறு நன்றாகப் பிடிக்கும்.

நெய்க்குடம்

மேலே பார்மிஜானோ சீஸ் துருவிப் போட்டால் எல்லாத் தவறும் மறைந்துவிடும்.

பலெர்மோ குசினி

மறையும். ஆனால் இது நேப்பிள்ஸ் உணவு, அந்த ஊர்க்காரர் முன்னால் போட்டுவிடாதீர்கள். பழைய முறையில் சீஸ் கிடையாது. மேலே ஏதாவது வேண்டுமென்றால் பழைய பாணை (ரொட்டியை) உதிர்த்து, கொஞ்சம் எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்துத் தூவுங்கள். சிசிலியில் பல பாஸ்தாக்களுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். சீஸை விட மலிவு.

மதுரைக்காரி

மின்னடுப்பு என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் அண்ணா! இன்று செய்தேன். கசப்பு இல்லை, குளமும் இல்லை. இழைக்கு இழை பளபளப்பு. ஆனால் உப்பு கரிக்கிறது. 1.5 லிட்டருக்கு 20 கிராம் போட்டேன்.

அளவுகோல்

தவறு என்னுடையது. தண்ணீரைக் குறைக்கச் சொன்னவன் உப்பைக் குறைக்கச் சொல்லவில்லை. வாணலியில் தண்ணீர் வற்றவற்ற உப்பு ஏறும். அடுத்த முறை 10 கிராம் போடுங்கள்.

மதுரைக்காரி

10 கிராம் சரியாக இருந்தது. ஒரு சந்தேகம் மட்டும்: மிஞ்சியதைக் காலையில் சூடாக்கினேன், எண்ணெய் மறுபடி பிரிந்துவிட்டது.

பலெர்மோ குசினி

பிரியத்தான் செய்யும். கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் புரட்டினால் ஓரளவு சேரும். அதைவிட நல்ல வழி, நேப்பிள்ஸில் செய்வது: மிஞ்சிய ஸ்பகெட்டியை அடித்த முட்டையில் கலந்து தாச்சியில் அடைபோல் இரண்டு பக்கமும் சுடுவார்கள். அதற்காகவே நான் இரவில் நூறு கிராம் கூடுதலாக அவிப்பேன்.