ஹெரிட்டேஜ் ரயில்ரோடு: தமிழில் என்ன சொல்வது? (வெள்ளிக்கிழமைக்குள் தேவை)

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். சிறுவர் அறிவியல் இதழ் ஒன்றுக்காக நீராவி எஞ்சின்கள் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கட்டுரை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க் ரயில்ரோடு பற்றியது. 1832-ல் பட்டயம் (ரயில் நடத்த அரசு தரும் உரிமைப் பத்திரம்) பெற்றது, இன்றும் அதே பட்டயத்தின் பெயரில் ஓடுகிறது. மொத்த நீளமே நாலரை மைல்தான். மூடிவிடும் நிலைக்கு வந்ததை ரயில் ஆர்வலர்கள் சேர்ந்து 1958-ல் வாங்கிக் காப்பாற்றினார்கள். 1960 முதல் பயணிகளுக்காக நீராவி எஞ்சின் ஓடுகிறது.

இதைச் சுற்றுலா ரயில் என்று எழுதிவிட்டுப் போக முடியவில்லை. லீமன் பிளேஸ் என்ற இடத்தில் பெரிய தடத்தோடு சேர்ந்து, அங்கே வேகன்களை மாற்றிக்கொண்டு, கூலிக்குச் சரக்கு ஏற்றும் நிறுவனம் அது. பெரும்பாலும் டீசல் எஞ்சின்தான் அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் எப்போதாவது பழைய நீராவி எஞ்சினையே சரக்கு வேகன்களில் பூட்டி அனுப்புகிறார்கள். அங்குள்ள 90-ஆம் எண் எஞ்சின் 1924-ல் பால்ட்வின் எஞ்சின் ஆலையில் செய்தது. முதலில் கொலராடோவில் கிரேட் வெஸ்டர்ன் நிறுவனத்துக்காகச் சர்க்கரை ஆலைகளுக்கு பீட் கிழங்கு இழுத்தது. (சர்க்கரைவள்ளிக் கிழங்கு இல்லை. முந்தைய வரைவில் யாரோ அப்படி எழுதியிருந்தார்கள், திருத்திவிட்டேன்.)

எனக்கு வேண்டியவை மூன்று சொற்கள். ஹெரிட்டேஜ் ரயில்ரோடு (பழைய ரயிலைக் காத்து இன்றும் ஓட்டும் பாதை), ஃபிரெய்ட் டிரெயின், ஃபயர் பாக்ஸ் (நீராவி எஞ்சினில் தீ எரியும் இடம்). இப்போதைக்கு மரபு ரயில்பாதை, சரக்கு ரயில், தீப்பெட்டி என்று போட்டு வைத்திருக்கிறேன். மூன்றாவது உறுத்துகிறது.

தமிழாசிரியர் (ஓய்வு):

அம்மா, முதலில் ‘ரயில்’ என்று எழுதாதீர்கள். ரகரம் மொழிக்கு முதலில் வராது. இரயில் என்றாவது எழுதலாம், இருப்புப்பாதை இன்னும் நல்லது. இரும்பு என்ற மென்றொடர், பாதையோடு சேரும்போது வன்றொடராகி இருப்பு ஆகிறது. கரும்பு கருப்புவில் ஆவதைப் போல. இந்தப் புணர்ச்சி பிள்ளைகள் காதில் விழுவதற்காகவே அந்தச் சொல்லை நான் விடமாட்டேன்.

சரக்கு ரயிலுக்கு நம்மிடம் பழஞ்சொல்லே இருக்கிறது. ஒழுகை. புறநானூறு 116-ல் கபிலர் பாடுகிறார்: பறம்பை இழந்த பாரியின் மகளிர், ஈத்திலைக் குப்பை மேல் ஏறி நின்று, உப்பு வணிகரான உமணரின் ‘உப்பொய் ஒழுகை’யை, அதாவது உப்பு வண்டி வரிசையை, எண்ணுகிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள், அத்தனையிலும் சரக்கு, மேட்டில் நின்று எண்ணும் சிறுபெண்கள். ரயில்வே கேட்டில் நின்று கூட்ஸ் வண்டிக்கு எத்தனை பெட்டி என்று எண்ணாத பிள்ளை உண்டா? ஒழுகு என்றால் வரிசையாகச் செல்லுதல். ஒழுங்கு, ஒழுக்கம் எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவைதான். உமணர் விலைக்கு உப்பு ஏற்றியவர்கள், காட்சிக்காக வண்டி ஓட்டியவர்கள் அல்லர். நீங்கள் சொல்லும் நிறுவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. சரக்கொழுகை.

உயிரியல் ஆசிரியை:

ஐயா, பாட்டு அருமை. ஆனால் என் வகுப்பில் ஒழுகை என்று சொன்னால் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதைத்தான் நினைப்பார்கள். எண்ணெய் டேங்கர் வேகன்களை அப்படிச் சொன்னால் விபத்துச் செய்தி என்றே எடுத்துக்கொள்வார்கள். சரக்கு ரயில் எல்லாச் செய்தித்தாளிலும் வருகிற சொல். அது இருக்கட்டும்.

‘மரபு’வில்தான் எனக்குச் சிக்கல். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மரபு என்றால் மரபணு. இன்னொன்றும் இருக்கிறது. மரபுசாரா எரிசக்தி என்று வெகுகாலமாக எழுதி வருகிறோம். அங்கே மரபு என்றால் வழக்கமானது. அந்தக் கணக்கில் மரபு ரயில் என்பது புல்லட் ரயில் அல்லாத சாதாரண ரயில் ஆகிவிடும்.

யாழ்ப்பாணத்து அன்பர்:

எங்களிடம் இந்தக் குழப்பம் குறைவு. ஹெரிட்டேஜுக்கு மரபுரிமை என்றுதான் எழுதுகிறோம், யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை உலக மரபுரிமைச் சின்னங்கள். மரபு வேறு, மரபுரிமை வேறு. உரிமை என்று வந்ததும் அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பது என்ற பொருள் சேர்ந்துவிடுகிறது. ரயிலுக்குப் புகையிரதம் என்பது எங்கள் அரச வழக்கு. டீசல் வந்த பிறகு அந்தப் பெயர் பொருந்தாது என்று பலர் சொன்னார்கள். இந்தக் கட்டுரைக்கோ அது எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும், உண்மையாகவே புகை விடும் வண்டி. ‘மரபுரிமைப் புகையிரதம்’ என்று முன்மொழிகிறேன்.

தமிழாசிரியர்:

இரதம் வடசொல். புகைவண்டி என்றால் ஒத்துக்கொள்வேன். மரபுரிமையும் நன்று. 90-ஆம் எஞ்சினின் வகைக்கு என்ன பெயர் என்று எங்கும் சொல்லவில்லையே?

மொழிபெயர்ப்பாளர்:

டெகாபாட், ஐயா. முன்னால் இரண்டு சிறு சக்கரம், இழுக்கும் சக்கரம் பத்து, பின்னால் எதுவும் இல்லை. கிரேக்கத்தில் பத்துக் கால் என்று பொருள்.

தமிழாசிரியர்:

பதின்காலி! முக்காலி, நாற்காலி, பதின்காலி. பத்து என்பது பதினொன்று, பதின்மூன்று என வரும்போது பதின் ஆகிறது. பதிற்றுப்பத்தில் வருவதைப் போல இற்றுச் சாரியை சேர்த்துப் பதிற்றுக்காலி என்றும் ஆக்கலாம், ஆனால் பிள்ளைகள் நாவுக்குக் கடினம். பதின்காலியே போதும்.

உயிரியல் ஆசிரியை:

நண்டு, இறால் வகைக்குப் பத்துக்காலிகள் என்று ஏற்கெனவே பெயர் இருக்கிறது, ஐயா. ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், அதனால் தவறில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

பொன்மலையிலிருந்து ஒருவர்:

ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புலவர்கள் பேசும்போது குறுக்கிடுவதற்குப் பொறுக்கவும்.

எங்கள் ஊரில் எல்லோரும் சொன்னது கரி எஞ்சின். ஆனால் அதையும் எழுதாதீர்கள். நீலகிரி மலை ரயிலுக்காகப் பொன்மலையில் புதிதாகச் செய்த நீராவி எஞ்சின்களில் எண்ணெயில் எரிபவையும் உண்டு. கரி இல்லாமலும் நீராவி வரும். நீராவி எஞ்சின் என்பதே சரி.

ஃபயர் பாக்ஸுக்குத் தீப்பெட்டி வேண்டவே வேண்டாம், அம்மா. சட்டைப்பையில் வைக்கிற பொருள் அது. இந்தப் பெட்டி பாய்லரின் பின்பகுதிக்குள் இருக்கும். பக்கவாட்டிலும் மேலேயும் தண்ணீர் சூழ்ந்திருக்கும். அதன் மேல்தகடு எப்போதும் தண்ணீருக்குள் முங்கியே இருக்க வேண்டும். தண்ணீர் குறைந்து தகடு வெளியே தெரிந்தால் பழுக்கக் காய்ந்து, வலுவிழந்து, பாய்லர் வெடித்துவிடும். ஃபயர்மேன் கரி அள்ளிப் போடுகிறவர் என்று மட்டும் நினைக்கிறார்கள், அவர் கண் பாதி நேரம் தண்ணீர் மட்டக் கண்ணாடியில்தான் இருக்கும். அறை என்று வந்தால்தான் பிள்ளைகளுக்கு அளவு புரியும். தீயறை என்று போடுங்கள்.

சரக்கு இழுப்பதைப் பற்றியும் ஒரு வரி சேர்க்க முடிந்தால் சேருங்கள். பயணிகள் வண்டி போல அது உடனே கிளம்பாது. டிரைவர் ரெகுலேட்டரை (சிலிண்டருக்கு நீராவி விடும் வால்வு) கொஞ்சமாகத் திறப்பார். வேகன்களைப் பூட்டும் முதல் கப்ளிங் இறுகும், அடுத்தது, அதற்கடுத்தது என்று சத்தம் பின்னால் ஓடிக்கொண்டே போகும். கடைசி வேகன் அசைந்த பிறகுதான் முழுப் பாரமும் எஞ்சின் மேல் விழும். அப்போது சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தில் மணல் விடுவார்கள். இரண்டு சிலிண்டர் எஞ்சின் என்றால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் புகைபோக்கி நான்கு முறை இரையும். ஸ்ட்ராஸ்பர்க்காரர்கள் வேடிக்கை காட்ட மட்டும் எஞ்சினை வைத்திருந்தால் இந்த வித்தை தெரிந்த ஆளே அங்கே மிஞ்சியிருக்க மாட்டார். அவர்களுடைய பட்டறை மற்ற ரயில்களின் பழைய எஞ்சின்களையும் பழுது பார்த்துக் கொடுக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே கட்டுரைக்குள் போகிறது. நன்றி.

இதைப் படித்த பிறகு நான் ‘பாரம்பரிய’ பக்கம் சாய்கிறேன். காரணம் நெல். பாரம்பரிய நெல் என்றால் கண்ணாடிப் பேழையில் வைத்த நெல் இல்லை. விதைக்கிறார்கள், அறுக்கிறார்கள், கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறார்கள். பழையது, இன்னும் வேலை செய்கிறது என்ற இரண்டும் அந்தச் சொல்லில் சேர்ந்தே இருக்கின்றன. மரபுரிமை என்பதில் காப்பது இருக்கிறது, உழைப்பது இல்லை. நீலகிரி ரயிலுக்கும் நம் செய்தித்தாள்கள் பாரம்பரிய என்றுதான் எழுதுகின்றன.

தமிழாசிரியர்:

பாரம்பரியம் வடமொழி. தொன்மை இருக்கிறதே. தொல்காப்பியர் செய்யுளியலில் சொல்லும் எட்டு வனப்பில் அது ஒன்று. அதற்கு எதிரான வனப்புக்கு அவர் வைத்த பெயர் விருந்து, அதாவது புதுமை. ‘தொன்மை இருப்புப்பாதை’யில் என்ன குறை?

உயிரியல் ஆசிரியை:

கீழடியில் தோண்டி எடுத்த பாதை என்று நினைப்பார்கள், ஐயா. அந்த எஞ்சினுக்கு வயது நூறு சொச்சம்தான்.

யாழ்ப்பாணத்து அன்பர்:

நெல் உதாரணம் நல்லது. ஆனால் இந்த இதழ் இங்கும் வருமானால் எங்கள் பிள்ளைகள் மரபுரிமை என்றே பாடநூலில் படிக்கிறார்கள். ஒரு முறையாவது அதைப் பக்கத்தில் போடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

போடுகிறேன். இதுவரை எழுதியவர்களில் மூவர் பாரம்பரிய ரயில்பாதைக்குச் சரி என்கிறார்கள் (இருவர் தனிமடலில்). நீராவி எஞ்சின், சரக்கு ரயில், தீயறை ஆகியவற்றுக்கு மறுப்பு அதிகம் இல்லை. இவற்றோடு அனுப்பிவிடுகிறேன். டெகாபாடை டெகாபாட் என்றே வைத்து, ‘பத்துக் காலுடையது’ என்று விளக்கம் தருகிறேன்.

தமிழாசிரியர்:

அனுப்புங்கள் அம்மா, அச்சகம் காத்திருக்காது. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சரக்கு ரயிலில் சரக்கும் ரயிலும் இருக்கின்றன, வரிசை இல்லை. ஒழுகை இன்றைய காதுக்குத் தொட்டி ஒழுகுவதாகக் கேட்பது நாம் அதை விட்டுவிட்டதால்தான். பத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டோடு சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் திரும்பி வந்துவிடும். என் தெருப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கப் போகிறேன்.

பொன்மலை ஐயாவிடம் ஒரு கேள்வி: எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டருக்குப் பட்டறையில் தமிழில் ஏதாவது சொன்னீர்களா?

பொன்மலையிலிருந்து:

டெண்டர்தான், ஐயா. ஒப்பந்தப்புள்ளிக்கும் டெண்டர், இதற்கும் டெண்டர்.