கோடில்லாத இலத்தீன் தாள் போட்டவருக்கு ஒரு பதில்

உப்புவெளியான்:
நேற்று இங்கே ஒருவர் எட்டுப் பக்கத்தில் இலத்தீன் பயிற்சித் தாள் போட்டிருந்தார். இலவசம், யாரும் அச்சடிக்கலாம் என்றார். நல்ல காரியம் என்று கை தட்டினேன். அடியில் இருந்த குறிப்பைப் படித்ததும் தட்டிய கை நின்றுவிட்டது. "உயிரெழுத்துக்கு மேலே கோடு போடுவது பிற்காலப் பள்ளிக்கூடக்காரர் விளையாட்டு. உரோமர் அப்படி எழுதவில்லை. என் தாளில் கோடு இல்லை, அதனால் சுத்தமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

சுத்தமாக இருக்கிறதாம். வழித்துக் கழுவிய சட்டியும் சுத்தமாகத்தான் இருக்கும். அதில் சோறு இராது.

நெடிலைக் காட்டும் அந்தச் சின்னப் படுக்கைக் கோட்டைத்தான் சொல்கிறேன். இலத்தீனில் குறில் நெடிலானால் சொல்லே மாறிவிடும். வெனித் என்றால் வருகிறான், வேனித் என்றால் வந்தான். லிபெர் புத்தகம், லீபெர் அடிமையல்லாதவன். ஒஸ் எலும்பு, ஓஸ் வாய். தமிழனுக்கு இதை விளக்க வேண்டுமா? கல்லையும் காலையும் ஒரே மாதிரி எழுதிவிட்டு, இடம் பார்த்துப் புரிந்துகொள் என்றால் எந்தப் பிள்ளை படிக்கும்?

இரண்டாம் பக்கத்து வேற்றுமை அட்டவணை இன்னும் மோசம். ரொஸ என்பது எழுவாய். ரொஸா என்றால் பூவால், பூவிலிருந்து. அந்தக் கடைசி நெடில் ஒன்றுதான் வித்தியாசம். கோட்டை எடுத்துவிட்டால் முதல் பெட்டியிலும் கடைசிப் பெட்டியிலும் ஒரே சொல் நிற்கும். என் அக்காவின் மகள் அந்தத் தாளைப் பார்த்தாள். "மாமா, இரண்டு தரம் அடித்துவிட்டார்கள்" என்று சொல்லிக் கடைசிப் பெட்டியைப் பென்சிலால் வெட்டிவிட்டாள். பிள்ளையில் பிழையே இல்லை.

போன மாதமே நான் கோட்டோடு பதினான்கு பக்கம் செய்து போட்டேன். அதுவும் இலவசம்தான். அதை ஒருவரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

கொட்டியாரத்தான்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம் அண்ணை, நான் ஒன்றும் ஒளிந்துகொண்டு இல்லை.

நான் செய்தது சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு. எங்கள் இலங்கைச் சட்டத்தின் அடியில் உரோம டச்சுச் சட்டம் கிடக்கிறது. பிரைமா ஃபேசி, போனா ஃபைடி, ஹேபியஸ் கோர்ப்பஸ் எல்லாம் தினமும் நீதிமன்றத்தில் அடிபடுகிற சொற்கள். எந்தத் தீர்ப்பில் நீங்கள் கோடு பார்த்தீர்கள்? ஒன்றைக் காட்டுங்கள், நாளைக்கே எட்டுப் பக்கத்தையும் மாற்றுகிறேன்.

உரோமர் கதைக்கும் வருகிறேன். முதலாம் நூற்றாண்டில் குவிந்திலியன் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். நெடில் வருகிற இடமெல்லாம் குறி போடுவது பெரிய மடத்தனம் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். உரோமனே மடத்தனம் என்று சொன்னதை உப்புவெளியில் இருந்து நீங்கள் தூக்கிப்பிடிக்க வேண்டுமா?

உப்புவெளியான்:
தம்பி, பாதியில் புத்தகத்தை மூடிவிட்டீர்கள். அதற்கு அடுத்ததாகவே அவர் என்ன சொல்கிறார்? குறிலா நெடிலா என்பதால் பொருள் மாறுகிற இடத்தில் குறி தேவை என்கிறார். அதற்கு உதாரணமும் தருகிறார்: மாலுஸ் என்றால் மரம், மலுஸ் என்றால் கெட்டவன். நீங்கள் சாட்சிக்குக் கூட்டி வந்த ஆள் என் பக்கம் பேசுகிறார்.

போனா ஃபைடியை எடுத்தீர்களே, அதையே பார்ப்போம். இங்கிலீசுக்காரன் வாயில் அது ஃபைடி. இலத்தீனில் பொனா ஃபிடே, இரண்டு சொல்லின் கடைசியிலும் நெடில். அதனால்தான் அது "நல்லெண்ணத்தோடு" என்று பொருள் தருகிறது. "நல்லெண்ணம்" என்றால் பொன ஃபிடேஸ், அது எழுவாய். கோட்டை எடுத்துவிட்டு அந்த "ஓடு" எங்கிருந்து வந்தது என்று உங்கள் மாணவருக்கு எப்படிக் காட்டுவீர்கள்? மனப்பாடம் பண்ணு என்பீர்கள். சட்டம் படிக்கிறவர்கள் வேறு என்னத்தைக் கண்டார்கள்.

பாலையூற்றுப் பையன்:
ஐயாமார் கோபிக்க வேண்டாம், எனக்கு ஒரு சந்தேகம். நீங்கள் இருவரும் எந்த இலத்தீனைப் பற்றிப் பேசுகிறீர்கள்? கோவிலில் நாங்கள் பாடுவது பாத்தெர் நோஸ்தெர். உப்புவெளி ஐயாவின் தாளில் பதெர் நொஸ்தெர் என்று இருக்கிறது. எங்கள் பழைய பாட்டுப் புத்தகத்திலும் எழுத்துக்கு மேலே குறி இருக்கிறது, ஆனால் அது சாய்ந்த கோடு. அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தைக் காட்டுவதற்காம், நெடிலுக்கு இல்லையாம். 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் தொடங்கிய காலத்திலிருந்து, 1960களில் பூசை தமிழுக்கு மாறும் வரை, இங்கே இப்படித்தானே பாடியிருப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் குழுப் பிள்ளைகளுக்கு நான் எதை அச்சடிக்கிறது?

உப்புவெளியான்:
தம்பி, அது வேறு விஷயம், பிறகு பார்ப்போம். இங்கே கேள்வி கோடு வேண்டுமா வேண்டாமா என்பதுதான்.

கொட்டியாரத்தான்:
கேள்வியே கேட்கவிட மாட்டார். கன்னியாவில் வெந்நீர்க் கிணறு ஆறுதான் என்று போன வருடம் மூன்று நாள் அடம்பிடித்தவர் அல்லவா. ஏழு கிணற்றையும் எண்ணிப் படம் எடுத்துப் போட்ட பிறகும் "ஒன்று கணக்கில் சேராது" என்றார்.

உப்புவெளியான்:
கன்னியாவை இங்கே இழுக்க வேண்டாம். அன்றைக்கு நான் சொன்னது வேறு, நீங்கள் விளங்கிக்கொண்டது வேறு.

உவர்மலை ஓணான்:
இரண்டு பேரின் தாளையும் அச்சடித்த பாவி என்ற முறையில் சில வார்த்தை.

உப்புவெளி அண்ணையின் தாள் கணினித் திரையில் அழகாக இருக்கிறது. பத்துப் புள்ளி எழுத்து, அதற்கு மேலே மயிர் மாதிரிக் கோடு. ஒரு பிரதி எடுத்து, அதிலிருந்து போட்டோகொப்பி, அந்தக் கொப்பியிலிருந்து இன்னொரு கொப்பி. எங்கள் ஊரில் வகுப்புத் தாள் இப்படித்தானே பரவும்? மூன்றாவது கொப்பியில் கோடு போய்விட்டது. ரோமன் எழுத்தில் அந்தச் சின்ன "i" இருக்கிறதே, அதன் தலையில் குறிலுக்குப் புள்ளி, நெடிலுக்குக் கோடு. கொப்பியில் இரண்டும் ஒரே கறுப்புப் பொட்டு. ஆண்பால் நீலம், பெண்பால் சிவப்பு, அலிப்பால் பச்சை என்று நிறம் வேறு பிரித்திருக்கிறார். கறுப்பு வெள்ளை இயந்திரத்தில் மூன்றும் ஒரே சாம்பல். போதாததற்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் குறுக்கே அவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் நீர்முத்திரையாக. இலவசம்தான், ஆனால் வேற்றுமை அட்டவணையில் ஏழாவது வேற்றுமையாக அண்ணையே நிற்கிறார்.

கொட்டியாரத்தானின் தாள் வேறு கதை. தமிழை பாமினியில், அதாவது ரோமன் எழுத்தின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய எழுத்துருவில், தட்டியிருக்கிறார். பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் பென்டிரைவைக் கொடுத்தேன். அந்தப் பையன் ஒழுங்காகத் தெரியவில்லை என்று முழுவதையும் தேர்ந்தெடுத்து பாமினிக்கு மாற்றிவிட்டான். ரொஸ என்ற நாலு ரோமன் எழுத்தும் "சழளய" என்று அச்சாகி வந்தது. எட்டுப் பக்கமும் சழளய. கோடு போட்ட எழுத்து பாமினியில் கிடையாது, அதனால் கோடு இருந்திருந்தால் அந்த எழுத்தாவது தப்பியிருக்கும்.

உப்புவெளியான்:
பார்த்தீர்களா, கோடு இருந்திருந்தால் தப்பியிருக்கும். ஓணானே சொல்லிவிட்டார்.

உவர்மலை ஓணான்:
அண்ணை, நான் சொன்னது அதுவல்ல. எழுத்தைப் பதினாலு புள்ளிக்கு ஏற்றுங்கள், கோட்டைத் தடிப்பாக்குங்கள், நீர்முத்திரையை எடுங்கள் என்கிறேன். இல்லையென்றால் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே தமிழில் எழுதிவிடுங்கள். ரொஸ, ரொஸா. எங்கள் எழுத்தில் குறில் நெடில் தானாகவே தெரியும். கோடும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்.

கொட்டியாரத்தான்:
தமிழில் எழுதினால், போருக்கும் தோலுக்கும் உள்ள இலத்தீன் சொல் இரண்டும் ஒரே பகரத்தில்தான் தொடங்கும். பெல்லும், பெல்லிஸ். முதலாவது ஒலிப்பு வேறு, இரண்டாவது வேறு. அதற்கு என்ன செய்வீர்கள், பகரத்துக்கு மேலே ஒரு கோடா?

மருந்துக்கடை அக்கா:
உப்புவெளியானுக்கு ஒரு சின்னக் கேள்வி. உங்கள் ஒன்பதாம் பக்கத்தில் மருந்துச் சீட்டுச் சொற்கள் போட்டிருக்கிறீர்கள், நன்றி. சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், ஒரு நாளைக்கு மூன்று தரம் எல்லாம் சரி. ஆனால் "இரவில்" என்பதற்கு நொக்தே என்று கடைசி எழுத்தில் கோடு போட்டிருக்கிறீர்கள். அது நொக்தெ. குறில். மூன்றாம் வகைப் பெயர்ச்சொல்லில் அந்த வேற்றுமைக்கு எகரம் குறுகித்தான் வரும். என் அப்பா குருமடத்தில் நாலு வருடம் இருந்துவிட்டுக் கல்யாணம் கட்ட வந்தவர், இதைத் தாளம் போட்டுச் சொல்லித் தந்தார். கோடு போடாதவர் ஒன்றும் சொல்லாமல் விட்டார். நீங்கள் கோடு போட்டு அல்லவா பிழை சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

கொட்டியாரத்தான்:
அக்கா, உங்கள் கைக்கு ஒரு தங்க வளையல்.

உப்புவெளியான்:
நீளமாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

பழைய தமிழில் எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் இன்றைய வேறுபாடு இல்லை. குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. ஓலையில் எழுதியவர்கள் பல நேரம் அந்தப் புள்ளியையும் விட்டுவிட்டார்கள். இரட்டைச்சுழி போட்டு ஏகார ஓகாரத்தைப் பிரித்துக் காட்டியவர் யார்? வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்த பெஸ்கி பாதிரியார். அவர் கொடுந்தமிழுக்கு இலக்கணம் எழுதியது இலத்தீனில். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவரும் அவர்தான். இரண்டு மொழியும் கரைத்துக் குடித்த மனிதன், தமிழில் நெடில் தெரியவில்லை என்று எழுத்தையே திருத்திவைத்துவிட்டுப் போனார். அவர் போட்ட சுழியில் எழுதிப் பிழைக்கிற நாம், இலத்தீனுக்கு ஒரு கோடு போடுவது மடத்தனம் என்கிறோம். கொட்டியாரத்தான் தன் பெயரிலேயே "கொ" எழுதும்போது ஒற்றைக் கொம்புக்கு நன்றி சொல்லட்டும். இல்லாவிட்டால் அவரைக் கோட்டியாரத்தான் என்று படித்திருப்போம்.

ஆகவே கோடு வேண்டும். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

மருந்துக்கடை அக்கா:
நன்றாக இருக்கிறது. நொக்தெ?

கொட்டியாரத்தான்:
வீரமாமுனிவருக்கு முன்னால் ஆயிரம் வருடத்துக்கு மேலாகத் தமிழர் சுழி இல்லாமல் படித்தார்கள், எழுதினார்கள், காப்பியம் பாடினார்கள். யாரும் கண் தெரியாமல் போகவில்லை. நீங்கள் சொல்வதே என் கட்சிக்குத்தான் ஆதாரம். உரோமனுக்கு அவன் மொழி தெரியும், அதனால் கோடு வேண்டாம்.

உப்புவெளியான்:
உங்கள் மாணவர் உரோமரா? எந்த உரோமாபுரியில் பிறந்தார்கள், மூதூரிலா?

கொட்டியாரத்தான்:
மூதூரைப் பற்றி நக்கல் வேண்டாம். முதலில் உங்கள் தாளின் அடியில் இருக்கிற ஊர்ப்பெயரைத் திருத்துங்கள். "திரிகோணமலை" என்று போட்டிருக்கிறீர்கள். இலத்தீன் நெடிலுக்கு உயிரை விடுகிறவருக்குச் சொந்த ஊரின் இகரம் உகரம் தெரியவில்லை.

உப்புவெளியான்:
திரிகோணம் என்றால் முக்கோணம். பழைய நூல்களில் அப்படித்தான் வருகிறது. தெரியாவிட்டால் கேட்டுப் படியுங்கள்.

உவர்மலை ஓணான்:
சம்பந்தர் பாடியது கோணமாமலை. திருவும் இல்லை, திரியும் இல்லை. இரண்டு பேரும் போய்க் கோணேசர் கோவில் வாசலில் நின்று தீர்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டியாரத்தான்:
அரசாங்கப் பலகையில் திருகோணமலை. ரயில் நிலையத்திலும் திருகோணமலை. அண்ணைக்கு மட்டும் திரி.

பாலையூற்றுப் பையன்:
ஐயா, ஞாயிறு வந்துவிட்டது. நான் கொட்டியாரத்தான் ஐயாவின் தாளை அச்சடித்து, உப்புவெளி ஐயாவின் கோடுகளைச் சிவப்புப் பேனையால் நானே போட்டுக் கொடுத்தேன். பிள்ளைகள் கோட்டைப் பார்த்ததும் அங்கே குரலை உயர்த்த வேண்டும் என்று நினைத்துக் கத்திவிட்டார்கள். சுவாமி திரும்பிப் பார்த்தார்.

உப்புவெளியான்:
அதற்குத்தான் என் தாளையே முழுதாக எடுத்திருக்க வேண்டும். கலப்படம் செய்தால் இப்படித்தான். ஓணான் சொன்னபடி எழுத்தைப் பதினாலாக்கி இரண்டாம் பதிப்பு வெள்ளிக்கிழமை வரும். அதில் கோடு இன்னும் தடிப்பாக இருக்கும். பெயரை எடுக்க மாட்டேன், ஆனால் கொஞ்சம் மங்கலாக்குகிறேன். திரிகோணமலை திரிகோணமலையாகவே இருக்கும்.

மருந்துக்கடை அக்கா:
நொக்தேயில் இருக்கிற கோடும் தடிப்பாகத்தான் வருமா?